இரண்டு பெயர்கள்: சமய உரையாடலும் சேரியும்



பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவுக்கு எங்களை அழைத்தபோது தலைப்பை நாங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றார்கள். பல்சமய உரையாடலைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொன்னோம். தொலைபேசியில் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அதில் நமக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியைத்தான் இன்று பேச்சாக்கிக் கொண்டு வந்திருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெருநகரக் கல்லூரியில் பல்சமய உரையாடல் கருத்தரங்கம் நடந்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம், பல கல்லூரிகளில் இப்படித்தான் நடக்கிறது. மேடையில் ஒரு சுவாமி, ஒரு பாதிரியார், ஒரு மௌலவி, ஒரு சமண அறிஞர். குத்துவிளக்கு ஏற்றினார்கள். ஐந்து நிமிடம் எல்லாரும் கண்மூடி மௌனமாக இருந்தார்கள். எல்லா நதிகளும் ஒரே கடலில் கலக்கின்றன என்று நால்வரும் வெவ்வேறு சொற்களில் பேசினார்கள். கேள்வி நேரத்தில் எங்களில் ஒருவர் எழுந்து, "மாரியம்மனுக்கும் காட்டேரிக்கும் மதுரைவீரனுக்கும் மேடையில் யார் பேசுவது?" என்று கேட்டார். தலைமை தாங்கியவர் கோபப்படவில்லை. "அதெல்லாம் நாட்டார் வழக்காறு. அதற்குத் தனியாக ஒரு கருத்தரங்கம் வைக்கலாம்" என்றார். அந்தப் பதிலின் வயது நூறாண்டுக்கும் மேல். எவ்வளவு மேல் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முதலில் தண்ணீர்ப்பள்ளிக்குப் போவோம். குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் இருக்கிற சிற்றூர். அங்கே 1950ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள், புனித பெனடிக்டின் திருநாளன்று, இரண்டு பிரெஞ்சுத் துறவிகள் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். சாந்திவனம் என்ற பெயரில்தான் அது அதிகம் அறியப்படுகிறது. ஒருவர் ழூல் மொன்ஷனன். லியோன் நகரத்துப் பாதிரியார், 1939இல் இந்தியா வந்து திருச்சி மறைமாவட்டத்தின் கிராமங்களில் பங்குப் பணி செய்தவர். மற்றவர் ஆன்றி லெ சோ. பிரித்தானி மடம் ஒன்றிலிருந்து 1948இல் வந்த பெனடிக்ட் சபைத் துறவி. இருவரும் காவி உடுத்தினார்கள். குடிசையில் இருந்தார்கள், தரையில் படுத்தார்கள், மரக்கறி உணவு உண்டார்கள். மொன்ஷனன் பரம அரூபி ஆனந்தர் ஆனார். லெ சோ அபிஷிக்தானந்தர் ஆனார்.

உலகத்தின் சமய உரையாடல் வரலாற்றை எழுதுகிற எவரும் இந்த ஆசிரமத்தைத் தாண்டிப் போக முடியாது. அதற்கு முன் சமயங்கள் சந்தித்த சந்திப்பெல்லாம் பெரும்பாலும் வாதம், அல்லது 1893 சிகாகோ சமயப் பேரவையைப் போல மேடைப் பேச்சு. ஒரு சமயத்தவர் இன்னொரு சமயத்தின் தியானத்துக்குள் இறங்கி, அந்த அனுபவம் தம்மை மாற்ற விடுவது வேறு காரியம். லெ சோ அதைச் செய்தார். 1949 ஜனவரியில் திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்தார். பிறகு அருணாசல மலையின் குகைகளில் வாரக் கணக்கில் மௌனத்தில் இருந்தார். திருக்கோவலூரில் ஞானானந்தரிடம் மாணவரைப் போல உட்கார்ந்தார். அத்வைத அனுபவமும் திருச்சபையின் மூவொரு கடவுள் கோட்பாடும் தமக்குள் மோதுவதை அவர் தம் நாட்குறிப்பில் ஆண்டுக் கணக்கில் எழுதினார். இரண்டில் ஒன்றை விட அவரால் முடியவில்லை. 1973இல் இந்தோரில் இறக்கும்வரை அந்த இரண்டையும் சுமந்தார். இன்று இறையியல் வகுப்புகளில் இதை இரட்டைச் சமய வாழ்வு என்று பாடம் நடத்துகிறார்கள். ஆன்மிக வீரம் என்றும் சொல்கிறார்கள். வீரம்தான். நாங்கள் மறுக்கவில்லை.

எங்களில் சிலர் அந்த ஆசிரமத்துக்குப் போயிருக்கிறோம். விடியற்காலை வழிபாட்டில் உபநிடதமும் விவிலியமும் வாசிக்கிறார்கள், தமிழில் பாடுகிறார்கள். காலையில் சந்தனம், உச்சியில் குங்குமம், மாலையில் திருநீறு. கோயிலின் அமைப்பே மண்டபமும் மூலஸ்தானமுமாக இருக்கிறது. பிறகு ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் மௌனம். நன்றாகத்தான் இருந்தது. இதைச் சொல்ல நமக்கு ஏன் வெட்கம்? ஒரு நாளில் ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் சும்மா இருக்க முடிவது நம் ஆட்களுக்குக் கிடைத்ததே இல்லை.

ஆனால் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கேள்வி எழுந்தது. சந்தனமும் குங்குமமும், உபநிடதமும் மூலஸ்தானமும், மரக்கறிச் சமையலும்: இவை யாருடைய இந்தியா? கடல் தாண்டி வந்து இந்தியாவின் ஆன்மாவைத் தேடியவர்களுக்கு ஆன்மாவின் முகவரியாக ஏன் எப்போதும் அக்கிரகாரத்தின் விலாசமே கிடைக்கிறது?

இது 1950இல் தொடங்கிய பழக்கமல்ல. 1606இல் இத்தாலியிலிருந்து மதுரைக்கு வந்த ராபர்ட்டோ தெ நோபிலி என்ன செய்தார் என்பது மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு முன்பே மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற பாதிரியார் பரதவக் கிறித்தவர்களுக்குப் பணியாற்றிக்கொண்டிருந்தார். தெ நோபிலி அவரிடமிருந்து தம் வீட்டையும் கோயிலையும் தனியாகப் பிரித்துக்கொண்டார். காவி உடுத்தார், புலால் நீக்கினார், பார்ப்பனச் சமையற்காரரை வைத்துக்கொண்டார், பூணூல் அணிந்தார். சமஸ்கிருதம் கற்ற முதல் ஐரோப்பியர்களில் ஒருவர். தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது பெரிது, அதையும் குறைக்க வேண்டாம். 1623இல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூலையும் குடுமியையும் சமூக அடையாளம் என்று சொல்லி அனுமதித்தார். 1640 முதல் கீழ்ச்சாதியாருக்கென்று பண்டார சுவாமிகள் என்ற தனிப் பிரிவு வந்தது. ஒரே சபை, ஒரே ஏசு, குருமார் மட்டும் இரண்டு வகை. அடுத்த நூற்றாண்டில் நோயில் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் நோயில்பூசுதல் கொடுக்கலாமா என்பதே ரோமாபுரிவரை போன வழக்காயிற்று. 1744இல் கிடைத்த தீர்வு, பறையருக்கென்று தனியாகக் குருக்களை நியமித்துக்கொள்ளலாம் என்பது. சாகக் கிடப்பவரின் திண்ணையில் நின்றுகொண்டு உள்ளே போவதா வேண்டாமா என்று யோசித்ததைத்தான் பண்பாட்டோடு இயைதல் என்று பாடநூல்கள் எழுதுகின்றன.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையை வெளியிட்ட பிறகு இந்த இயைதலுக்கு ஒரு வேகம் வந்தது. பெங்களூரை மையமாகக் கொண்டு இந்திய வழிபாட்டு முறை உருவாக்கப்பட்டது. ஆரத்தி வந்தது, சம்மணமிட்டு அமர்வது வந்தது. ஓம் வந்தது, சண்டையும் வந்தது. அதே பெங்களூரில், ஐக்கிய இறையியல் கல்லூரியில், 1980களின் தொடக்கத்தில் அர்விந்த் நிர்மல் எழுந்து கேட்டதுதான் தலித் இறையியலின் தொடக்கம். இந்தியக் கிறித்தவ இறையியல் ஞானமார்க்கத்தோடும் பக்திமார்க்கத்தோடும் பேசியிருக்கிறது, தன் ஆலயத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவரோடு பேசியதில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். தமிழ்நாட்டுத் திருச்சபையில் அந்தப் பின்வரிசைக்காரர்கள்தான் பெரும்பகுதி. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்துச் சுவர் எழுப்பியிருந்தார்கள். தண்ணீர்ப்பள்ளியிலிருந்து மேலப்புதூருக்குப் பேருந்தில் போய்விடலாம்.

இனி 1950க்குத் திரும்புவோம். ஆசிரமம் தொடங்கியது மார்ச்சில். அதே ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஓர் ஆணை வெளியிட்டார். அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணை, 1950. அதன் மூன்றாம் பத்தி, இந்து சமயத்திலிருந்து வேறான சமயத்தைப் பின்பற்றும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்பட மாட்டார் என்றது. அப்போதே சில சீக்கியச் சாதிகளுக்கு விலக்கு இருந்தது. 1956இல் சீக்கியர் அனைவருக்கும், 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறித்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு இன்னும் இல்லை. 2007இல் வந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. பத்தி நீங்கவில்லை. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள்.

இந்தப் பத்தி நம் வீடுகளில் என்ன செய்தது? எல்லாரையும் இரண்டு பெயர்க்காரர்களாக ஆக்கியது. ஞானஸ்நானத்தில் மிக்கேல், பள்ளிச் சான்றிதழில் முருகன். கோயிலில் ஆரோக்கியமேரி, ரேசன் அட்டையில் செல்வி. கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரும் நாளில் சுவரிலிருந்த மாதா படம் அரிசிப் பானைக்குப் பின்னால் போகும், அவர் போன பிறகு திரும்ப வரும். எங்களில் ஒருவரின் பாட்டி ஜெபமாலையை அஞ்சறைப் பெட்டியில் வைத்திருந்தார். மிளகு வாசம் இல்லாமல் அவருக்கு ஜெபமே வராது என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

இதுவும் இரட்டைச் சமய வாழ்வுதான். இரண்டு கரைகளுக்கு நடுவில் நிற்பது, இரண்டில் எதையும் விட முடியாமல் சுமப்பது எல்லாம் இங்கேயும் உண்டு. லெ சோ அதைத் தேடிப் போனார். நம் பாட்டிகள்மேல் அது அரசிதழ் வழியாக வந்து விழுந்தது. அவருடைய இரண்டு பெயர்களுக்கு ஆய்வேடுகள் எழுதுகிறார்கள். நம்முடைய இரண்டு பெயர்களுக்கு விசாரணை வைக்கிறார்கள்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஒரு வழக்கில் மனுதாரர் சென்னையில் சாலையோரம் செருப்புத் தைக்கும் தொழிலாளி. அப்படித் தொழில் செய்கிற பட்டியல் சாதியினருக்கு இலவசப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் வந்தது. அவர் கிறித்தவர் என்பதால் கிடைக்கவில்லை. அதே சாதி, அதே தொழில், அதே ஊசி. மதம் மாறிய பின்னும் சாதியின் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று முன்வைக்கப்படவில்லை என்று மனுவைத் தள்ளினார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்கிறார் என்று சொல்லி மறுத்தார்கள். நம்பிக்கை இல்லாமல் இட ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் சொல்வது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்றார்கள். மோசடி! தண்ணீர்ப்பள்ளியில் ஒருவர் காலையில் திருப்பலி நிறைவேற்றிவிட்டு மாலையில் உபநிடதத்தோடு உட்கார்ந்தால் அது உரையாடல். ஒரு தலித் பெண் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை தாலுகா அலுவலகத்துக்குப் போனால் மோசடி.

சட்டம் தெரிந்த தோழர்கள் இடைமறிப்பார்கள்: இட ஒதுக்கீடு சமயச் சலுகையல்ல, தீண்டாமைக்கான ஈடு, அதை ஆன்மிகத்தோடு குழப்பலாமா? குழப்பியது நாம் இல்லை. தீண்டாமைக்கான ஈட்டை வாங்க வருகிறவரிடம் உன் கடவுள் யார் என்று கேட்பது அந்த மூன்றாம் பத்திதான். தமிழ்நாட்டில் மதம் மாறியவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். அங்கே போனதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் காப்பும் போகிறது. அடிக்கிறவன் ஞானஸ்நானச் சான்றிதழ் பார்த்தா அடிக்கிறான்?

*

1968ஆம் ஆண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் அந்த ஆண்டு கேரளத்தின் குருசுமலையிலிருந்து சாந்திவனத்துக்கு வந்து பொறுப்பேற்றார். மொன்ஷனன் 1957இலேயே இறந்துவிட்டார், லெ சோ இமயமலைப் பக்கம் போய்விட்டார். கிரிபித்ஸ் காலத்தில்தான் ஆசிரமம் உலகப் புகழ் பெற்றது. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்கத் துறவி தாமஸ் மெர்ட்டன் ஆசியா வந்தார். தர்மசாலையில் தலாய் லாமாவைச் சந்தித்தார், சென்னைக்கும் மாமல்லபுரத்துக்கும் வந்தார், பொலன்னறுவையில் புத்தர் சிலைகளின் முன் நின்றார். டிசம்பர் 10ஆம் நாள் பாங்காக்கில் ஆசியத் துறவு மடங்களின் மாநாட்டில் பேசினார். தியானத்தின் ஆசான் என்று மேற்குலகம் கொண்டாடிய அவர் கடைசியாகப் பேசிய தலைப்பு மார்க்சியமும் துறவு வாழ்வும். பேசிவிட்டு அறைக்குப் போனார், பிற்பகலில் இறந்து கிடந்தார்.

அதற்குப் பதினைந்தாம் நாள் கிறிஸ்துமஸ் இரவு. கீழவெண்மணி. நாற்பத்து நான்கு பேர்.

காவிரி குளித்தலையைக் கடந்துதான் தஞ்சைக்குப் போகிறது. தண்ணீர்ப்பள்ளியின் மௌனத்தை வெண்மணிக்குப் பொறுப்பாக்குவது நம் நோக்கமல்ல, அது நேர்மையும் அல்ல. ஆசிரமம் சுற்றுக் கிராமத்து ஏழைகளுக்குத் தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது. நாம் கேட்பது உரையாடலின் கணக்கைப் பற்றி. அந்த ஆண்டில் சமயங்கள் சந்தித்துக்கொண்ட இடங்கள் என்று வரைபடம் போடுகிறவர்கள் தர்மசாலை, பாங்காக், சாந்திவனம் என்று புள்ளி வைக்கிறார்கள். அரைப்படி நெல் கூலி கேட்டவர்கள், செங்கொடியைக் கையில் பிடித்தபடி, வீட்டுக்குள் மாரியம்மனுக்கு விளக்கேற்றிவிட்டுப் போனவர்கள் அந்த வரைபடத்தில் இல்லை. இலங்கை இயேசு சபையினரான அலோய்சியஸ் பீரிஸ் மட்டும் இதைச் சரியாகப் பிடித்தார். களனியில் 1974இல் துலானா ஆய்வகத்தைத் தொடங்கிப் பௌத்தர்களோடு வாழ்நாளெல்லாம் உரையாடியவர் அவர். ஆசியாவின் சமயங்களையும் ஆசியாவின் வறுமையையும் தனித்தனியே பிரித்தால் இரண்டும் புரியாது என்று விடாமல் எழுதினார். சமய ஞானத்தில் முழுக்காடுகிறவர் ஏழையின் சிலுவையிலும் முழுக்காட வேண்டும் என்பது அவர் நிலை.

*

நூறாண்டுக்கு மேல் வயதான அந்தப் பதிலுக்கு இப்போது வருகிறோம். 1892இல் சென்னையில் மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியின் சார்பில் பண்டிதர் அயோத்திதாசர் வந்திருக்கிறார். சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் பொது என்றால் எங்களையும் உள்ளே விட என்ன தடை என்று கேட்கிறார். சபையில் கூச்சல். தஞ்சாவூர்ப் பிரதிநிதியாக வந்திருந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்கின்றனவே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல என்கிறார். கருத்தரங்கத் தலைவர் எங்களிடம் சொன்னதும் இதுதான், மொழி மட்டும் பல்கலைக்கழக மொழி. பண்டிதர் அங்கேயே பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்புவரை இலவசக் கல்வியும் கிராமத்துத் தரிசு நிலமும் கொடுங்கள் என்றார். சிகாகோவில் உலகச் சமயங்கள் கைகுலுக்கியது இதற்கு அடுத்த ஆண்டு.

சாமி வேண்டாம் என்று சொன்னவர் சமயத்தையே விட்டுவிட்டார் என்று நினைத்தால் தவறு. ஆறு ஆண்டு கழித்து, 1898இல், அவர் கர்னல் ஆல்காட்டைச் சந்திக்கிறார். ஆல்காட் பிரம்மஞான சபையின் தலைவர், அமெரிக்கர், இலங்கையில் பௌத்த மறுமலர்ச்சிக்குத் துணை நின்றவர், அடையாற்றில் 1894 முதல் பஞ்சமர் பள்ளி நடத்தியவர். சமயங்களின் ஒற்றுமை பேசுவதுதான் அவருடைய சபையின் வேலையே. இந்தச் சந்திப்பில் பண்டிதர் எப்படி நடந்துகொண்டார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். ஆல்காட்டின் சபைக்குள் போய்ச் சீடராக உட்காரவில்லை. எங்களுக்கு ஒரு சமயம் தாருங்கள் என்றும் கேட்கவில்லை. நாங்கள் ஆதியில் பௌத்தர்கள், எங்களிடமிருந்து பறிக்கப்பட்டதைத் திரும்ப எழுப்ப உதவுங்கள் என்றார். கொடுப்பவர், வாங்குபவர் என்ற உறவையே அவர் மாற்றி வைத்தார். அந்த ஆண்டிலேயே ஆசிரியர் கிருஷ்ணசாமியோடு கொழும்பு போய், வித்யோதய பிரிவேனாவில் சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர், கடல் கடந்து இரங்கூன், டர்பன் என்று நம் மக்கள் கூலியாகப் போன இடமெல்லாம் கிளைகள் முளைத்தன. 1907 ஜூன் 19இல் ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. அதே ஆண்டில் பேராசிரியர் லட்சுமி நரசு பௌத்த சாரத்தை ஆங்கிலத்தில் நூலாக்கினார்.

பண்டிதரின் வரலாற்று முடிவுகள் அனைத்தும் இன்றைய ஆய்வுமுறைக்கு முன் நிற்குமா என்று மாணவர்கள் கேட்பீர்கள். நாங்களும் கேட்டிருக்கிறோம். சில சொல்லாராய்ச்சிகள் நிற்காது. ஆனால் சமூகவியல் படித்த நாங்கள் கவனிப்பது அவர் எதைத் தொட்டார் என்பதை. ஏட்டை மட்டும் தொடவில்லை. கார்த்திகை தீபம், போகி, தீபாவளி என்று சேரியில் நடக்கிற விழாவையே எடுத்து, இதற்குள் புத்தர் இருக்கிறார் என்று படித்துக் காட்டினார். நாட்டார் வழக்காறு என்று ஒதுக்கப்பட்டதைச் சமயத்தின் மூலநூலாக வாசித்தார். அவருக்குத் தொழில் சித்த மருத்துவம். நாடி பிடித்துப் பார்க்கிறவர் உடம்பை விட்டுவிட்டு ஆன்மாவோடு மட்டும் பேச முடியாது.

தியானம் நமக்கு வேண்டாம் என்று சொல்ல இந்தப் பேச்சு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆரணிப் பக்கம் மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்த முனுசாமி, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் வேதாந்தம் பயின்று சகஜானந்தர் ஆனார். காவி உடுத்திய தலித். அவருடைய மோனம் அவரைக் குகைக்குக் கொண்டுபோகவில்லை, சிதம்பரத்துக்குக் கொண்டுபோனது. நந்தன் எரிந்த ஊரில் 1916இல் நந்தனார் கல்விக் கழகம் தொடங்கினார், பிள்ளைகளைச் சேர்த்துச் சோறு போட்டுப் படிக்க வைத்தார், சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் பேசினார். 1959இல் இறந்தார். தண்ணீர்ப்பள்ளியில் ஆசிரமம் எழுந்த காலத்தில் கொள்ளிடத்துக்கு வடக்கே இப்படியும் ஒரு துறவி வாழ்ந்துகொண்டிருந்தார். இந்தியத் துறவு என்று எழுதப்படும் நூல்களில் அவருக்கு ஒரு வரி கிடைப்பது அரிது.

அண்ணல் அம்பேத்கர் இந்தக் கேள்வியை நேரடியாகவே வைத்தார். 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில், பிக்கு என்பவர் எதற்காக என்று கேட்கிறார். நிறைவுற்ற மனிதரை உருவாக்கவா, சமூகத் தொண்டரை உருவாக்கவா? நிறைவுற்ற மனிதராக மட்டும் இருப்பவர் தன்னலக்காரரே, அவரால் பௌத்தம் பரவாது என்பது அவர் தீர்ப்பு. 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் தம்மம் ஏற்ற இலட்சக்கணக்கானவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மகாராட்டிரத்தில் இதே கேள்வியோடு சண்டை போடுகிறார்கள். இகத்புரி விபாசனா மையத்தில் பத்து நாள் மௌனம் இருந்துவிட்டு வந்த ஒருவர் அது தன்னைக் குடியிலிருந்து மீட்டது என்கிறார். இன்னொருவர், துக்கத்துக்குக் காரணம் உன் மனம்தான் என்று சொல்லிச் சாதியை மறைக்கிறார்கள் என்கிறார். இருவரும் நம் தோழர்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, இதில் எங்களுக்கே முடிவு இல்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, நாம் அறிந்த பரட்டை அண்ணன், வேறொரு வழி பார்த்தார். கர்நாடக இசையிலும் கீர்த்தனையிலும் இருந்த வழிபாட்டைப் பறைக்கும் நாட்டுப்புற மெட்டுக்கும் மாற்றினார். கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தார். தாயா தந்தையா என்ற வழக்கு அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது. ஒரே உலையில் வெந்ததைச் சேர்ந்து உண்பதை நற்கருணையின் பொருளாகச் சொன்னார். சமய உரையாடலுக்குச் சமையல் முக்கியம் என்று தெ நோபிலிக்கும் தெரியும், பரட்டைக்கும் தெரியும். ஒருவர் உலையைப் பிரித்தார், ஒருவர் சேர்த்தார்.

கடைசியாக ஒரு வேலை. இரண்டு பெயர்களோடு வாழ்ந்தவர்களின் வாய்மொழியைத் தொகுக்கத் தொடங்கியிருக்கிறோம். எந்தப் பெயரில் வேண்டிக்கொண்டார்கள், எந்தப் பெயரில் கையெழுத்திட்டார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது வீட்டில் என்ன பேச்சு நடந்தது, செத்தபோது எந்தக் கல்லறையில் எந்தப் பெயர் எழுதினார்கள். மாணவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே தொடங்கலாம். பாட்டி இருக்கும்போதே கேளுங்கள், ஒலிப்பதிவுக்குக் கைப்பேசி போதும். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் எங்கள் குறிப்பேட்டில் இருக்கும், தொகுப்பில் இருக்காது. இப்போதைக்கு அவற்றை அச்சிட முடியாது. ஏன் என்று இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.